சீமைத் தகட்டுத் திருடன்

கோயம்புத்தூர் மில் முதலாளி சம்பந்தமூர்த்திக்குத் தாத்தா காலத்து ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. துருவேறி ஓட்டை விழுந்த அதன் மட்கார்டை டிங்கர் மாரண்ணனிடம் காட்டி, சீமையிலிருந்து வரவழைத்த தகட்டையும் கொடுத்து, "ஒட்டுப் போட்டது எவன் கண்ணுக்கும் தெரியக்கூடாது" என்றார்.

மாரண்ணன் தகட்டைத் தட்டி வளைத்து, பற்றவைத்து, ராவி, பெயின்ட் அடித்து வழுவழுவென்று முடித்தான். முதலாளி வந்து தடவித் தடவிப் பார்த்தார். ஒட்டே தெரியவில்லை.

"எங்கடா என் தகடு? ஓட்டையில பட்டிப் பசையை அப்பிட்டு, தகட்டை வித்துத் தின்னுட்டியா? திருட்டுப் பயலே, போலீஸைக் கூப்பிடறேன்!"

சொன்னபடி செய்ததற்கா இந்தப் பட்டம்? ஆனாலும் மாரண்ணன் குரலை உயர்த்தவில்லை.

"திருட்டுப் பேரு எனக்கு வேண்டாமுங்க. உங்க தகட்டை இப்பவே வெட்டித் தந்துடறனுங்க" என்று கிரைண்டரை ஓடவிட்டு மட்கார்டுப் பக்கம் குனிந்தான்.

முதலாளி பாய்ந்து மட்கார்டைக் கட்டிக்கொண்டார்.

"நகருங்க முதலாளி. வெறும் பட்டிதானுங்களே?"

"அடேய், வெட்டாதே! அது என் சீமைத் தகடுடா!"

மாரண்ணன் கிரைண்டரை நிறுத்திவிட்டுப் பட்டறை ஆட்களைப் பார்த்தான்.

"கேட்டுக்கிட்டீங்களா? போலீஸ் வந்தா, தகடு யார் கையில இருக்குதுன்னு காட்டுங்க."