கொக்கு கொடுத்த குடையும் களிம்பும்

ஒரு காட்டுக் குளத்தில் தேர்தல் வந்தது. அங்கே வாக்குச்சீட்டெல்லாம் கிடையாது. நடுவரான நண்டு கரையில் நின்று ஒவ்வொரு பெயராகச் சொல்லும். பிடித்த பெயருக்குத் தவளைகள் கத்த வேண்டும். எந்தப் பெயருக்குச் சத்தம் அதிகமோ, அதுவே தலைவர்.

இத்தனை காலம் ஆமைதான் தலைவர். சேறு வாரும், பாசி எடுக்கும், பேச்சு மட்டும் வராது. இந்த முறை கொக்கு எதிர்த்து நின்றது. கொக்கு குளத்தில் கால் வைக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். மீறினால் நண்டு காலைக் கவ்விவிடும். தலைவராகிவிட்டால் சட்டத்தையே மாற்றிவிடலாம். ஆகவே தேர்தல் முடியும்வரை கொக்கு சுத்த சைவம்.

முதலில் அது எல்லாத் தவளைக்கும் ஆளுக்கொரு குடை கொடுத்தது.

வடிவு என்ற தவளைக்கு மட்டும் சந்தேகம் வந்தது. "ஏங்க, மழையில நனையறதுக்குன்னே பொறந்த நமக்குக் குடை எதுக்குங்க?" என்று புருஷன் சடையனைக் கேட்டது.

"சும்மாதானே குடுக்கறாங்க? வாங்கி வை" என்றது சடையன். சொன்னதோடு நிற்காமல், இன்னும் வால்கூட உதிராத பிள்ளைகளின் பெயரிலும் குடைகளை வாங்கி வந்தது.

மழைக்காலம் வந்தது. வாங்கிய குடையைப் பிடிக்காமல் இருக்க முடியுமா? பக்கத்து வீட்டார் பார்க்க வேண்டாமா? நல்ல மழையில் தவளைகள் குடைக்குள் விறைப்பாக உட்கார்ந்திருந்தன. நீரில் இறங்கினால் குடையின் சாயம் போய்விடுமென்று குளத்துப் பக்கமே போகவில்லை. தோல் காய்ந்து வெடித்தது.

கொக்கு கூட்டம் போட்டுக் கண்ணீர் விட்டது. என் மக்களின் தோலைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று விம்மியது. உடனே இலவசக் களிம்பை அறிவித்தது. சிவப்பாக, கெட்டியாக, ஒரு கொட்டாங்கச்சி நிறைய. தவளைகள் முண்டியடித்து வாங்கிப் பூசிக்கொண்டன. உடம்பு பற்றி எரிந்தது. எரிந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தமாம். கொக்கே சொன்னது.

வடிவு முகர்ந்து பார்த்தது. மிளகாய்த்தூள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது! வரிசை முழுக்க ஓடி ஓடிச் சொன்னது. "இது மருந்து இல்லீங்க, மசாலா. நம்மள ஊறப் போடறான்!"

தனக்குக் கிடைக்காத வயிற்றெரிச்சலில் பேசுகிறது என்று வரிசையில் சிரித்தார்கள். சடையன் ஏற்கெனவே பளபளவென்று சிவந்திருந்தது. தெருவே பூசியிருக்கும்போது நாம் மட்டும் விட்டுவிட்டால் நம் பங்கை வேறு யாராவது வாங்கிவிடுவார்களே என்று அது கவலைப்பட்டது.

தேர்தல் நாளும் வந்தது. தவளைகள் கரையில் குடைபிடித்து நின்றன. கொக்கு எச்சில் விழுங்கிக்கொண்டே கும்பிடு போட்டது. நண்டு கொடுக்கைத் தூக்கி, "கொக்கு!" என்றது. எல்லாத் தவளைகளும் கத்துவதற்குத் தொண்டையை உப்பவைத்தன.

உண்மையைச் சொல்லிப் பயனில்லை என்று வடிவுக்குத் தெரிந்துவிட்டது. இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டிக் கத்தியது. "குளத்தடியில பக்கெட் சும்மா குடுக்கறாங்க! முதல்ல முங்கறவங்களுக்கு மூடி போட்டது!"

தொபக் தொபக்கென்று அத்தனையும் குளத்துக்குள் பாய்ந்தன. கரையில் குடைகள் மட்டும் உருண்டன. கொக்குக்காகக் கத்த ஒரு வாய்கூட இல்லை. அடுத்து நண்டு "ஆமை" என்றது. வடிவு ஒரே ஒரு தடவை கத்தியது. ஆமை ஜெயித்துவிட்டது. கொக்கு மிச்ச மசாலாவைத் தூக்கிக்கொண்டு வேறு குளம் பார்க்கப் பறந்தது.

தண்ணீரில் மசாலாவெல்லாம் கரைந்துபோய், தோல் குளிர்ந்து, தவளைகள் மேலே வந்தன. நடந்ததை வடிவு பொறுமையாக எடுத்துச் சொன்னது. எல்லோரும் தலையாட்டிக் கேட்டார்கள்.

"அதெல்லாம் சரி, பக்கெட் எங்க?" என்றது சடையன்.

அன்று முதல் அந்தக் குளத்தில் மோசக்காரி என்றால் அது வடிவுதான்.

இலவசத்துக்குப் பழகிவிட்டவர்களுக்கு, உயிரையே காப்பாற்றிக் கொடுத்தாலும் கூடவே ஒரு பக்கெட்டும் கொடுக்க வேண்டியிருக்கும்.