நடுவில் சுவர் வைத்த தட்டு

கோவில்பட்டியில் ஒரு வீட்டு அடுக்களைக்கு வெள்ளித் தட்டு ஒன்று புதிதாகக் குடிவந்தது. மருமகள் பவித்ராவின் சீர்வரிசையோடு வந்த தட்டு அது. வந்த வேகத்தில் அதற்குத் தலைக்கனமும் ஏறிவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, அதற்குக் காரணமும் இருந்தது. பாத்திரக் கடையில் கொடுத்து, அதன் விளிம்பில் 'அமுதவல்லி' என்று பெயர் வெட்டி வாங்கி வந்திருந்தாள் பவித்ரா.

அமுதவல்லி, பவித்ராவின் கணவன் சரவணகுமாருக்கு அக்கா. ஆட்டிசம் உள்ளவள். பேச்சு ஒன்றிரண்டு சொல்லோடு நின்றுவிடும். வீட்டில் எல்லோரும் எவர்சில்வர் தட்டில் சாப்பிட, அவளுக்கு மட்டும் தடுப்பு வைத்து மூன்று குழியாகப் பிரித்த நீல பிளாஸ்டிக் தட்டு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதைப் பார்த்துப் பார்த்துப் பவித்ராவுக்கு மனசு கொதித்தது. பெற்ற மகளுக்கே தனித் தட்டா?

மாமியாருக்குக் கண் ஆப்பரேஷன். மகன் மதுரைக்கு அழைத்துப் போனான். புறப்படும்போது மாமியார், "அவளுக்கு நீலத் தட்டுலயே வச்சிரும்மா" என்றார். பவித்ரா தலையை ஆட்டினாள். ஆட்டோ தெருமுனை திரும்பியதும், நீலத் தட்டைக் கொண்டுபோய்ப் பின்வாசலில் பழைய சாமான் சாக்கில் போட்டாள். வெள்ளித் தட்டைக் கழுவிப் பக்கத்திலேயே காயவைத்தாள்.

"என்னப்பா, இடத்தைக் காலி பண்ணியாச்சா?" என்று வெள்ளித் தட்டு வம்புக்கிழுத்தது.

"நான் போறது பெரிசில்ல. மத்தியானம் அவளுக்கு என்ன செய்வீங்க?" என்றது நீலத் தட்டு.

"ராஜ மரியாதை செய்வோம். நீ அவளை ஒதுக்கி வச்சது போதும். நடுவுல சுவர் வேற எழுப்பி வச்சிருக்கே."

"சுவர் பொரியலுக்கும் குழம்புக்கும் நடுவுலதான். அவளுக்கும் வீட்டுக்கும் நடுவுல இல்ல."

"கீறல் விழுந்த பிளாஸ்டிக்குக்கு வாய் மட்டும் குறைச்சலில்லை."



மத்தியானம் அமுதவல்லி வந்து உட்கார்ந்தாள். வெள்ளித் தட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது. பவித்ரா சோறு வைத்தாள், பீன்ஸ் பொரியல் வைத்தாள், சாம்பாரைத் தாராளமாக ஊற்றினாள். சாம்பார் வழிந்து பொரியலுக்குள் போனது. அப்பளம் நனைந்து சுருங்கியது. அமுதவல்லியின் விரல்கள் நடுங்க ஆரம்பித்தன.

"கூச்சப்படாதீங்க மதினி. இது உங்க தட்டுதான். இனிமே உங்களை யாரும் ஒதுக்கமாட்டாங்க" என்றாள் பவித்ரா. சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து, உருட்டி, மதினியின் வாயருகே கொண்டுபோனாள். அதைவிட அன்பாக ஒரு மனுஷி என்னதான் செய்வாள்?

அமுதவல்லி தட்டைத் தள்ளினாள். அது தரையில் விழுந்து கணகணவென்று சுழன்றது. அவள் காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒண்டினாள். பிறகு தன் மணிக்கட்டையே கடித்தாள். ரத்தம் கசிந்த பிறகும் விடவில்லை.

வெள்ளித் தட்டு வெலவெலத்துப் போனது. தன் சத்தமும் சேர்ந்துதான் அவளை வதைக்கிறது என்று தெரிந்தும் நிற்க முடியாமல் சுற்றியது. எப்படியோ தரையோடு தன்னை அமுக்கிக்கொண்டு அடங்கியது.

அமுதவல்லி அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். உருட்டிய சோறு இன்னும் பவித்ராவின் கையிலேயே இருந்தது. அதை உதறிவிட்டுக் கணவனுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, மதினி கையைக் கடிச்சிக்கிட்டாங்க. நான்தான் வெள்ளித் தட்டுல வச்சேன். நீங்கல்லாம் அவங்களை ஒதுக்கி வச்சிருக்கீங்கன்னு..."

மறுமுனையில் சரவணகுமார் குறுக்கிட்டான். "ஒதுக்கி வச்சோமா? பவி, ஒண்ணோட ஒண்ணு கலந்தா அக்காவால தாங்க முடியாது. முன்னெல்லாம் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு வெறுஞ்சோறு தின்னவ. அந்தத் தட்டு வந்தப்புறம்தான் எங்ககூட வந்து உக்கார ஆரம்பிச்சா."

தரையில் கிடந்த வெள்ளித் தட்டுக்கும் அது கேட்டது. வெட்கத்தில் அது பின்வாசல் பக்கம் பார்த்து, "நீ முதல்லயே சொன்னே" என்றது.

"சொன்னேன். நீ பளபளத்துக்கிட்டிருந்தே" என்றது சாக்குக்குள்ளிருந்து நீலத் தட்டு.

பவித்ரா சாக்கைக் கவிழ்த்து அதை எடுத்துக் கழுவினாள். அமுதவல்லியின் இடத்தில் வைத்துவிட்டு, சற்றுத் தள்ளி உட்கார்ந்து காத்திருந்தாள். கூப்பிடவில்லை. வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. அமுதவல்லி எட்டி நின்று நீலத் தட்டைப் பார்த்தாள். பிறகு வந்து உட்கார்ந்தாள். மணிக்கட்டில் பல் தடம் சிவந்து கிடந்தது.

பவித்ரா சோற்றை வைத்துவிட்டு, சாம்பார்க் கரண்டியை எடுத்தாள். ஊற்றப் போனவள் அந்தத் தடத்தைக் கண்டு நிறுத்தினாள்.

"மதினி, சாம்பாரை எதுல ஊத்தட்டும்?"

அமுதவல்லி ஓரத்துச் சின்னக் குழியை விரலால் தொட்டுக் காட்டினாள்.

வெள்ளித் தட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. மதினிக்காக அத்தனையும் செய்த பவித்ரா, இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.