நம்ம ஊர் எந்த ஊர்?

ஐந்து ஊர்களை எழுப்புவாள், ஐந்திலும் இருக்கமாட்டாள். இருக்கிற ஊரில் அவள் குரல் கேட்காது. யார் அவள்?

இந்தப் புதிர் எளிது. விடையைச் சொல்லிவிடலாம். கடினமான புதிர் அதற்குப் பிறகுதான் வருகிறது.

அவள் பெயர் அற்புதமேரி. ‘எழுந்தாச்சா?’ என்ற காலை வானொலி நிகழ்ச்சியின் அறிவிப்பாளர். பதினோரு ஆண்டுகளுக்கு முன் கரூரில் ஒரு சிறிய பண்பலை நிலையத்தில் அந்த நிகழ்ச்சி தொடங்கியது. அப்போது அவள் விடிவதற்குள் சைக்கிளில் போய் நேரடியாகப் பேசுவாள். தூறல் விழுந்தால் தூறல் என்பாள். வீடு திரும்பும்போது பால்காரர் வண்டியை நிறுத்தி, “ஊரையே எழுப்பிட்டே, நீ எழுந்தாச்சா?” என்று கேலி செய்வார்.

நிகழ்ச்சி நன்றாக இருக்கிறதென்று தேனி நிலையம் கேட்டு வாங்கியது. பிறகு தர்மபுரி, விருதுநகர், கடைசியாகப் புதுக்கோட்டை. ஐந்துக்கும் பொதுவாகச் சேலத்தில் ஒரு மாடியறையை ஒலிப்பதிவுக்கு எடுத்தார்கள். சேலத்தில் மட்டும் நிகழ்ச்சி ஒலிபரப்பாகாது. பிற்பகல் மூன்று மணிக்கு அற்புதமேரி கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து “காலை வணக்கம்” என்பாள். அது மறுநாள் காலை ஆறு மணிக்கு ஐந்து ஊர்களில் கேட்கும். அந்த நேரத்தில் அவள் சேலத்தில் தன் வீட்டில் ஒரே ஒரு தம்ளர் காபி ஆற்றிக்கொண்டிருப்பாள். எதிர்வீட்டார் அவளை டைப்பிஸ்ட் என்று நினைத்திருந்தார்கள். அவளும் திருத்தவில்லை.

ஒலிப்பதிவு அறைச் சுவரில் நிர்வாகி வேதாசலம் விதிகளை எழுதி ஒட்டியிருந்தார். ஊர்ப்பெயர் கூடாது. மழை, வெயில், திருவிழா கூடாது. அதையெல்லாம் அந்தந்த நிலையமே இடையில் சேர்த்துக்கொள்ளும். ஊரைச் சொல்லியே தீரவேண்டுமென்றால் ‘நம்ம ஊர்’ என்று சொல்லலாம். அந்த இரண்டு சொற்களால்தான் ஐந்து ஊர்களும் அவளைத் தங்கள் ஊர்க்காரி என்று நம்பின.

ஒரு வியாழக்கிழமை, எழுதிவைத்த தாள் தீர்ந்த பிறகும் நாற்பது விநாடி மிச்சம் இருந்தது. அற்புதமேரி மனதில் பட்டதைப் பேசினாள்.

“ஞாயித்துக்கிழமை காலை ஆறரைக்கு நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டு வாசல்ல நிக்கிறேன். தினமும் நான்தானே கேக்கிறேன்? ஒருநாள் நீங்க வந்து என்னைக் கேளுங்க, எழுந்தாச்சான்னு.”

ஒலிப்பதிவாளர் நூருல்லா வழக்கம்போல விதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஊர்ப்பெயர் இல்லை. மழை இல்லை. திருவிழா இல்லை. எல்லாம் சரி என்று அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. தேனியில் ஒரு கல்லூரி விடுதியே கிளம்பி வருவதாகச் சொன்னது. விருதுநகரில் மேளத்துக்குச் சொல்லியாயிற்று. கரூரில் பழைய தெருக்காரர்கள், தர்மபுரியில் குடும்பம் குடும்பமாக. புதுக்கோட்டையிலிருந்து மட்டும் ஒரே அழைப்பு. துணி தேய்க்கும் அழகப்பன் என்பவர் பேசினார்.

“வேற யாரும் வர்ற மாதிரி தெரியலம்மா. நான் ஒருத்தன் வந்தாப் போதுமா?”

வேதாசலம் தலையில் கைவைத்துக்கொண்டார். “எங்கேயும் போகாதே, அற்புதம். உடம்பு சரியில்லைன்னு அஞ்சு நிலையத்திலயும் சொல்லச் சொல்றேன். நீ ஓர் ஊருக்குப் போனா, மத்த நாலும் நீ அவங்க ஆள் இல்லைன்னு கண்டுபிடிச்சிடும். அப்புறம் நிகழ்ச்சியே இருக்காது.”

“கரூருக்குப் போங்க மேரிக்கா,” என்றார் நூருல்லா. “நம்ம ஊர்னு நீங்க பொய்யில்லாமச் சொன்னது அங்க மட்டும்தான்.”

“அந்த அழகப்பன்?” என்று கேட்டாள் அற்புதமேரி.

“ஒருத்தருக்காகவா நாலு ஊரை விடப்போறே?” என்றார் வேதாசலம்.

சனிக்கிழமை பிற்பகல் ‘இன்றைய புதிர்’ பகுதிக்கான ஒலிப்பதிவு. ஏதாவது ஓர் ஊரிலிருந்து ஒரு குழந்தையைத் தொலைபேசியில் அழைத்துப் புதிர் போடுவது வழக்கம். அன்றைய முறை தர்மபுரிக்கு. நான்காம் வகுப்பு மைவிழி பேசினாள். அற்புதமேரி தாளில் இருந்த புதிரைப் படிக்கவில்லை. “ஓர் ஊர்ல ஓர் அக்கா இருந்தாங்களாம்…” என்று தொடங்கி, கொடுத்த வாக்கு, வரப்போகும் கூட்டங்கள், அழகப்பன், வேதாசலமும் நூருல்லாவும் சொன்ன யோசனைகள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

மைவிழி கதையைக் கடைசிவரை கேட்டாள். பிறகு, “அந்த அக்கா நீங்கதானே?” என்றாள்.

நூருல்லாவின் கை நிறுத்தும் பொத்தானுக்குப் போயிற்று, அழுத்தவில்லை.

“ஆமாம்.”

“அப்ப நீங்க எங்க ஊர் இல்லையா?”

“இல்லம்மா.”

“எங்கப்பா நாளைக்குப் போட புதுச்சட்டை எடுத்து வெச்சிருக்காரு. நான் உங்களைப் படம் வரைஞ்சிருக்கேன். மூக்கு மட்டும் சரியா வரல.”

“நீயே சொல்லு மைவிழி. நாளைக்கு நான் எங்க நிக்கட்டும்?”

நிகழ்ச்சியைக் காக்க எங்கும் போகாதே என்றார் வேதாசலம். உண்மையான ஊருக்குப் போ என்றார் நூருல்லா. தனியாக நிற்கப்போகிறவரை நினைத்தாள் அற்புதமேரி. இவர்களில் யார் நினைத்தது சரி? மைவிழி எந்த ஊரைச் சொல்லியிருப்பாள்?

விடை: எங்கும் போகாவிட்டால் வாக்கு ஐந்து இடங்களில் பொய்யாகும். கரூருக்குப் போவது பழைய உண்மைக்கு மரியாதை. ஆனால் அங்கே கூடுகிறவர்கள் பழைய கதை பேசியாவது பொழுதைப் போக்கிவிடுவார்கள். நான்கு ஊர்களில் வந்தவர்களுக்கு வந்தவர்களே துணை. ஒருவர் மட்டும் வரும் இடத்தில், அவள் போகாவிட்டால் அவரைக் கேட்க ஆளில்லை. ‘எழுந்தாச்சா?’ என்று அவர் கேட்கவும் ஆளில்லை. மைவிழி இதையெல்லாம் விளக்கவில்லை. எங்க ஊர் வேண்டாம் என்றாள். புதுக்கோட்டை என்றாள்.