தினை முறுக்கின் முதல் ஈடு

பலகாரக் கம்பெனி முதலாளி சங்கரபாண்டியன் புதிதாகத் தினை முறுக்கு விற்கத் திட்டமிட்டார். சோதனைக்குச் சுட்டபோதே மாவு எண்ணெயில் வெடித்துத் தெறித்தது. "தேவைப்பட்டால் கையுறை தரப்படும்" என்று வேலை ஒப்பந்தத்திலேயே இருந்தது. ஆனால் முறுக்கு சுடும் மாடத்தி கேட்டபோதெல்லாம், "தேவை இன்னும் வரலையே!" என்று சிரிப்பார்.

மாடத்தி லேசுப்பட்டவளா? விற்பனை தொடங்கும் நாளில், "முதல் ஈடு மொதலாளி கையாலதானே போடணும்? அதுதானே நம்ம வழக்கம்!" என்றாள். போட்டோக்காரர் முன்னால் முதலாளி மிடுக்காக அச்சைப் பிழிந்தார். எண்ணெய் தெறித்தது.

"ஐயோ! கையுறை எங்கே?"

மாடத்தி ஒப்பந்தத்தை நீட்டினாள். "தேவை வந்துட்டு, மொதலாளி. தேதி போட்டுக்கிடுங்க."

மறுநாள் எல்லார் கையிலும் உறை. அடுத்த புதுச் சரக்குக்கென்று முதலாளிக்கும் ஒரு ஜோடியை மாடத்தி பத்திரமாக எடுத்துவைத்தாள்.