கதவு தெரியாத கூடம்

கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். கடைசியில் நான் ஒரு கேள்வி கேட்பேன். அதற்கு வேண்டியது முழுக்க இந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. நான் எதையும் ஒளித்துவைக்கவில்லை. ஒளித்துவைத்தவர்கள் கதையில் வருகிறார்கள்.

தூத்துக்குடியில் ஒரு முதலாளி கப்பல் ஒன்று வாங்கினார். ஒரு வாரம் கடலில் மிதந்து, உடம்பையும் மனதையும் தேற்றிக்கொண்டு இறங்குவதற்கான கப்பல். பெரியவர்களுக்கு மட்டும்தான் இடம். பிள்ளைகள் ஏறினால் அது எங்கே, இது எதற்கு என்று கேட்டே அமைதியைக் கெடுத்துவிடுவார்களாம். உள்ளே எல்லாவற்றையும் வடிவமைக்கும் பொறுப்பு மதுரவாணிக்கு வந்தது. கெட்டிக்காரிதான், நான் குறை சொல்லவில்லை.

அடித்தட்டில் அவள் ஒரு தியானக் கூடம் அமைத்தாள். ஜன்னல் கிடையாது, கடிகாரம் கிடையாது, மூலைகூடக் கிடையாது. சுவர் முட்டை ஓடு மாதிரி வளைந்து, தேக்குப் பலகை போர்த்தி, வழவழவென்றிருக்கும். கதவுகள் இரண்டு. ஒன்று மேலே போகும் படிக்கட்டுக்கு. இன்னொன்று நீராவிக் குளியலின் இயந்திர அறைக்கு. கதவைப் பார்த்தால் வெளியே போகிற நினைப்பு வரும் என்று இரண்டையும் அதே பலகையால் மறைத்துவிட்டாள். கைப்பிடி இல்லை, தள்ளினால் திறக்கும். அபாய மணியின் அலறலும் அவளுக்குப் பிடிக்கவில்லை. அதை எடுத்துவிட்டு, வெண்கலக் கிண்ணத்தை மெல்லத் தட்டியது போன்ற ஓசையை வைத்தாள். கேட்டால் தூக்கம் வரும், அவ்வளவு இதம்.

பலகை வேலை பார்த்தவர் கஸ்பார், பழைய தோணித் தச்சர். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. அடித்தட்டில் வேலை என்றால், மேலே போகும் வழியின் ஓரத்தில் கை படும் உயரத்தில் ஒரு செப்பு ஆணியைத் தலை தூக்கி நிற்கும்படி அடித்துவைப்பார். இங்கேயும் அடித்தார். சுவரைத் தடவிப் பார்த்த மதுரவாணியின் கையில் அது இடறியது.

“இருட்டுல கைதான் கண்ணு, மேடம். ஒத்த ஆணி, இருந்துட்டுப் போவட்டும்” என்றார் அவர்.

அவள் ஒப்பவில்லை. விருந்தினர் கையில் ஒன்றும் படக்கூடாது, இன்றைக்கே பிடுங்கிவிடுங்கள் அண்ணாச்சி என்றாள். கஸ்பார் பிடுங்கினார். ஆனால் மனசு கேட்கவில்லை. புகை வந்தால் மனிதர்கள் தவழத்தானே செய்வார்கள் என்று, அதே ஆணியை முழங்கால் உயரத்தில் அடித்துவிட்டு, இனி யார் கையிலும் படாது என்று அவளிடம் சொல்லிவிட்டார். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்று பயம்.

அவர் குனிந்து அடித்ததைப் பார்த்தவன் ஒருவன்தான், கப்பலின் பாதுகாப்பு அதிகாரி செய்யது மீரான். அவனுக்கு மறைந்த கதவுகளும் பிடிக்கவில்லை, மெல்லிய மணியும் பிடிக்கவில்லை. முதலாளியைப் பகைத்துக்கொள்ளப் பயந்து, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டிருந்தான். ஆணி விஷயத்தையும் வெளியே விடவில்லை.

வெள்ளோட்டத்தன்று பன்னிரண்டு விருந்தினர்கள் கூடத்தில் கண்மூடிப் படுத்திருந்தார்கள். கைப்பேசிகளை வாசலிலேயே வாங்கி வைத்தாகிவிட்டது. பேசக்கூடாது என்பது விதி. மதுரவாணி ஒரு பக்கமும் மீரான் எதிர்ப் பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். மேலே பகல் பதினொரு மணி வெயில். திடீரென்று விளக்குகள் அணைந்தன. பின்னாலேயே வெண்கல ஓசை மிதந்து வந்தது.

ஒருவரும் அசையவில்லை. இதுவும் சிகிச்சைதான் என்று நினைத்து இன்னும் ஆழமாக மூச்சை இழுத்தார்கள். அது அபாய மணி என்று மதுரவாணிக்குத் தெரியும். அந்த இருட்டில் பன்னிரண்டு பேர் நிம்மதியாக மூச்சுவிடும் சத்தம்தான் அவளை அதிகம் பயமுறுத்தியது. விதியைப் போட்டவளே விதியை மீறி, நெருப்பு, எழுந்திருங்கள் என்று கத்தினாள்.

மீரான் பதறிப்போய்ச் சுவரைத் தடவினான். தள்ளியதும் ஒரு பலகை திறந்தது. அது இயந்திர அறை. புகை முகத்தில் அடித்து அவன் விழுந்தான். கூடம் முழுக்கப் புகை நுழைந்தது. அதன் பிறகு எந்தப் பலகையைத் தள்ளவும் யாருக்கும் கை வரவில்லை. மதுரவாணி சுவரைத் தடவிக்கொண்டே சுற்றினாள். தான் ஆசைப்பட்டுச் செய்த வழவழப்பு முழுக்க அவள் கைக்குக் கிடைத்தது. செத்துப்போகப் போகிறோம், இவர்களையும் நானே கொல்லப்போகிறேன் என்று நினைத்தாள்.

“அந்த ஆணியப் பிடுங்கச் சொல்லிட்டேனே” என்று அவள் அழுதது கேட்டுத்தான் மீரானுக்கு நினைவு வந்தது.

“கீழ தேடுங்க மேடம். முழங்கால் உசரம்” என்றான் இருமிக்கொண்டே.

அவள் மண்டியிட்டுத் தேடினாள். ஆணி உள்ளங்கையைக் கிழித்தது. அங்கே தள்ளினாள். படிக்கட்டு. ஒவ்வொருவராக இழுத்து மேலே அனுப்பி, மீரானையும் இழுத்துக்கொண்டு கடைசியாக ஏறினாள். கப்பல் ஆட்கள் தீயை அணைத்தார்கள். ஓர் உயிரும் போகவில்லை.

மேல்தளத்தில் விருந்தினர்கள் ஏதோ இயந்திரக் கோளாறு என்று பேசிக்கொண்டு அவளுக்கு நன்றி சொன்னார்கள். முதலாளியும் அப்படியே விட்டுவிடத்தான் பார்த்தார். மதுரவாணியின் கையில் ரத்தம். சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம் அவளுக்கும் இருந்தது. “கதவ மறைச்சது நான்தான். நீங்க கேட்டது அபாய மணி. அத மாத்தினதும் நான்தான்” என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள். ஆணியைப் பற்றிக் கஸ்பாரும், கையெழுத்தைப் பற்றி மீரானும், பிறகு முதலாளி தோண்டிக் கேட்டபோது சொன்னார்கள்.

முதலாளி ஆடிப்போயிருந்தார். அடுத்த கப்பலின் உள்வேலைக்கு இந்த மூவரில் ஒருவர் சொல்வதுதான் முடிவு, நானே குறுக்கே வரமாட்டேன் என்றார். அவள் கத்தவில்லை என்றால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அவர் ஆணி அடிக்கவில்லை என்றால் வழி இல்லை. அவன் சொல்லவில்லை என்றால் ஆணி இல்லை.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். அந்தப் பொறுப்பை யாரை நம்பிக் கொடுக்கலாம்?

விடை: கஸ்பார் என்றுதான் வாயில் வரும், எனக்கும் அப்படித்தான் வந்தது. ஆனால் அது இரண்டே பேருக்குத் தெரிந்த ஆணி. மீரான் மயங்கியிருந்தால் அது வெறும் செம்பு. மீரானின் கையெழுத்து அதைவிட மோசம். மூவருமே பயந்தார்கள், மூவருமே மறைத்தார்கள். மதுரவாணி மறைத்ததுதான் பெரிது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் யாரும் கேட்காதபோதே, பயந்துகொண்டேதான், அதை எல்லோருக்கும் சொன்னவள் அவள் ஒருத்தி. அதனால் என் விடை மதுரவாணி. அந்தப் பன்னிரண்டு பேரில் நான்கு பேர் அடுத்த கப்பலிலும் ஏறினார்கள். ஏறியதும் பிள்ளைகளைப் போல அவர்கள் முதலில் கேட்டது, கதவு எங்கே என்றுதான்.