முப்பத்துநாலாவது நகர்த்தல்

தண்டபாணிக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருடைய குருவுக்கு இருபத்தொன்பது. உடுமலைப்பேட்டையில் ஒரு டயர் கடைக்கு மேலே சதுரங்க வகுப்பு நடத்தும் கோகிலவாணி உள்ளே வந்தால், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் முந்தி எழுந்து நிற்பவர் அவர்தான். அந்தத் தெருவில் இதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் இல்லை. அவர் அதைக் கண்டுகொள்வதும் இல்லை.

ஏழு வருடமாக அவர் சதுரங்கம் ஆடும் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமை எழுதிவருகிறார். பெயர் காங்கேயன். இணையத்தில் நடக்கும் போட்டியில் இப்படிப்பட்ட புரோகிராம்கள் ஒன்றோடொன்று மோதும். எழுதியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான்.

முந்தின நாள் ஆட்டத்தை டிரா செய்திருந்தாலே காங்கேயன் முதல் பிரிவில் தங்கியிருக்கும். தோற்றுவிட்டது. இன்று சாயங்காலம் கடைசி ஆட்டம். இதிலும் டிரா போதும். இதிலும் தோற்றால் பிரிவை விட்டு இறங்க வேண்டியதுதான். இறங்கினால் காங்கேயனை மூட்டை கட்டிவிடுவதாக மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தார். திருத்தம் எதுவானாலும் ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும்.

மனிதருக்குக் காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. தோற்ற ஆட்டத்தை இன்னொரு பெரிய புரோகிராமிடம் கொடுத்துத் தப்பைத் தேடச் சொன்னார். பத்து நிமிடத்தில் நாற்பத்தொன்றாவது நகர்த்தல் தப்பு என்றது. அதற்கு ஒரு திருத்தம் போட்டார். இன்னும் ஒரு மணி நேரம் ஓடவிட்டபோது, இல்லை, முப்பத்துநாலிலேயே கெட்டுவிட்டது என்றது. அதற்கொரு திருத்தம். பிறகு இருபத்தாறு. பிறகு பத்தொன்பது. இப்படியே மத்தியானத்துக்குள் ஏழு திருத்தங்கள் போட்டுவிட்டார். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெட்டது. விட்டால் முதல் நகர்த்தல்வரை போயிருப்பார். அதற்குள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு டயர் கடை மாடிக்கு வந்துவிட்டார்.

"ஏழு தப்பு கண்டுபிடிச்சுட்டனுங்க டீச்சர். இதுல எதுங்க நெசமான தப்பு?"

கோகிலவாணி திரையைப் பார்க்கவே இல்லை.

"தோக்கறதுக்கு முன்னாடி, கடைசியா ஆட்டம் சமமா இருந்தது எப்பங்க சார்?"

"முப்பத்திமூணுல."

"அதை அடுக்குங்க."

மரப்பலகையில் காய்களை அடுக்கினார். காங்கேயனின் பக்கம் அவர் உட்கார்ந்தார், எதிர்ப்பக்கம் அவள். ஆட வேண்டியது அவர். யானையை ஒரு கட்டம் நகர்த்தினார். அவளும் தன் யானையை ஒரு கட்டம் நகர்த்தினாள். அவர் பின்னால் இழுத்தார், அவளும் இழுத்தாள். இருவரும் மறுபடி முன்னே. ஒரே நிலை மூன்று முறை வந்துவிட்டால் ஆட்டம் டிரா என்பது அங்கே வரும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மூன்றாம் முறை வருவதற்கு ஒரு நகர்த்தல் இருக்கும்போது தண்டபாணி ஒரு சிப்பாயை முன்னே தள்ளினார். பன்னிரண்டு நகர்த்தலில் தோற்றார்.

"திரும்ப அடுக்குங்க."

இந்தத் தடவை மந்திரியை நகர்த்தினார். தோற்றார்.

மறுபடியும் அடுக்கச் சொன்னாள். மணி மூன்றரை. அவருக்குக் கோபம் வந்தது. திருத்த வேண்டிய நேரத்தில் இந்தப் பெண் தன்னை உட்காரவைத்து விளையாடுகிறாளே என்று நினைத்தார். மேசைக்கு அடியில் கால் ஆடிக்கொண்டே இருந்தது. யானை முன்னே, யானை பின்னே, யானை முன்னே. பிறகு குதிரையை எடுத்து வீசாத குறையாக வைத்தார். இந்த முறை ஒன்பதே நகர்த்தல்.

"யானையவே திரும்ப வெச்சிருக்கலாமுங்களே சார்?"

"வெச்சா டிரா ஆயிப்போகுமுங்களே."

"ஆனா என்னங்க சார்?"

"ஒரு மாதிரி இருக்குதுங்க டீச்சர். கை ஒத்துக்க மாட்டீங்குது."

முப்பத்துநாலாவது நகர்த்தலுக்கு முன் காங்கேயன் என்ன கணக்குப் போட்டது என்று மட்டும் எடுத்துப் பார்க்கச் சொன்னாள். புரோகிராம் தான் யோசித்ததையெல்லாம் ஒரு கோப்பில் எழுதிவைக்கும். காலையிலிருந்து இன்னொரு புரோகிராமின் தீர்ப்பைக் கேட்டுக்கொண்டிருந்த மனிதர், தன் புரோகிராம் என்ன நினைத்தது என்பதைத் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை.

திறந்தார். யானையை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தால் டிரா என்று காங்கேயன் சரியாகவே கண்டிருந்தது. சிப்பாயைத் தள்ளினால் கொஞ்சம் நஷ்டம் என்பதும் அதற்குத் தெரிந்தே இருந்தது. இருந்தும் சிப்பாயைத்தான் தள்ளியது. டிராவை அது சமம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. டிரா என்றால் அரைச் சிப்பாயை இழந்த அளவுக்கு நஷ்டம் என்று அதற்குள் ஒரு எண் இருந்தது; சிப்பாயைத் தள்ளும் நஷ்டம் அதைவிடக் குறைவு.

அந்த எண்ணைப் போட்டது அவர்தான். நாலு வருடத்துக்கு முன்னால், ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைக் காங்கேயன் டிரா செய்தது. டிரா எடுத்துட்டு வர்றதுக்கு எதுக்கு வேல மெனக்கெட்டு ஆடோணும் என்று வீட்டில் கத்திவிட்டு, அன்றைக்கே உட்கார்ந்து அந்த எண்ணை எழுதினார். எழுதியதையும் மறந்துபோனார். இப்போது அதைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது. கூடவே, அப்பாடா என்றும் இருந்தது.

ஏழு திருத்தங்களையும் அழித்தார். கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு, அந்த ஒரே ஒரு வரிக்குப் போய் நின்றார்.

"பூஜ்யம்னு மாத்திடறனுங்க டீச்சர். ரெண்டே நிமிஷம்."

கோகிலவாணி பலகையில் அதே நிலையை மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"புரோகிராம்ல ரெண்டு நிமிஷந்தானுங்க சார்."