குண்டை நகர்த்தியது யார்?

மடத்துக் கூடத்தின் உச்சி உத்தரத்திலிருந்து நீளமான கம்பியில் ஓர் இரும்புக் குண்டைத் தொங்கவிட்டார் குரு. தரையில் மணல் பரப்பி ஒரு கோடு கிழித்தார்.

"இந்தக் கோட்டின் மேல் ஆடவிடுகிறேன். பூமி சுற்றுகிறதா இல்லையா என்று இதுவே சொல்லும்."

மதியத்துக்குள் குண்டு கோட்டைவிட்டு ஒரு சாண் விலகி ஆடியது.

"யாரோ தட்டிவிட்டிருக்காங்க சாமி" என்றார் சீடர் மாசிலாமணி. முப்பது வருஷம் போலீஸ் ஏட்டாக இருந்தவர். குருவைவிடப் பத்து வயது மூத்தவர். தியானத்தில்கூட ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருப்பார்.

"உள்ள தண்ணி கொண்டுவந்தது சமையக்காரன் தணிகாசலம் மட்டும்தான். உங்க பேச்சு பலிக்கணும்னு அவன்தான் பண்ணியிருக்கான். அவன் இருந்தா நான் இருக்க மாட்டேன்."

தணிகாசலம் தன் துணிமணிகளை மூட்டை கட்டி வாசலில் வைத்தார். போவதற்கு அவருக்கு வேறு இடம் கிடையாது.

"நாளைக்கு நீங்களே காவல் இருங்கள்" என்றார் குரு.

மறுநாள் காலை மாசிலாமணி ஜன்னல்களைச் சாத்தி, கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். குரு குண்டைக் கோட்டின் நுனிக்கு இழுத்துக் கட்டியிருந்த நூலைத் தன் கையாலேயே தீக்குச்சி வைத்து எரித்தார். தணிகாசலத்தை எதிர்ச் சுவரோரம் உட்காரவைத்துவிட்டு, தானும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

மூன்று மணி நேரம் கழித்துக் குரு கதவைத் தட்டினார். பூட்டு திறந்தது. குண்டு அதே மாதிரி ஒரு சாண் விலகியிருந்தது.

"தணிகாசலம் அசைந்தாரா?"

"இல்ல சாமி."

"நான் கொட்டாவிகூட விடலீங்க" என்றார் தணிகாசலம்.

"காற்று?"

"பொட்டுக் காத்து இல்ல. வேர்த்துக் கொட்டுது."

"நீங்கள் தொட்டீர்களா?"

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது. "என்னையே சந்தேகப்படறீங்களா?"

"நேற்று அவரும் இதைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை."

மாசிலாமணியின் குரல் இறங்கியது. "நானும் நகரல, அவனும் நகரல. அப்ப நகர்ந்தது எது சாமி?"

"மூன்று மணி நேரமும் அதன் மேல் உட்கார்ந்துதானே காவல் காத்தீர்கள்?"

மாசிலாமணி குனிந்து தரையைப் பார்த்தார். வாசலுக்குப் போய்த் தணிகாசலத்தின் மூட்டையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, அடுக்களைப் பக்கம் நடந்தார்.